கூட இருக்க ஆள் இல்லாதவர்

திருப்பதியில் தலைமுடி கொடுப்பது வேண்டுதல். திருமலையின் கல்யாணக் கட்டையில் இரவு பகலாகச் சவரக் கத்தி ஓய்வதில்லை. ஆண், பெண், கைக்குழந்தை எல்லாரும் வரிசையில் உட்கார்ந்து முடியிறக்கிக்கொண்டு, தலைக்குச் சந்தனம் பூசி, கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி வருகிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதே மொட்டையைப் பற்றித்தான் பேசுகிறது, முற்றிலும் வேறு அர்த்தத்தில். மனநோய் உள்ள எவருக்கும் அவர் விருப்பத்தை மீறி மொட்டையடிக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவின்படி நோயாளி தன் சொந்த உடையை உடுத்திக்கொள்ளலாம். நிறுவனத்தின் சீருடையைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வேலை செய்யும்படியும் கட்டாயப்படுத்த முடியாது. செய்தால் அதற்குக் கூலி தர வேண்டும். மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு வேண்டிய பொருள்கள் கிடைக்க வேண்டும்.

நாடாளுமன்றம் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதிவைக்க நேர்ந்ததிலேயே பழைய மனநல மருத்துவமனைகளின் வரலாறு அடங்கியிருக்கிறது. பேன் பிடிக்காமல் இருக்கவும், தப்பி ஓடினால் அடையாளம் தெரியவும், ஊழியர்களின் வசதிக்காகவும் தலைகள் மழிக்கப்பட்டன. தேசிய மனித உரிமை ஆணையம் நாட்டின் 37 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்களுக்கு, அவற்றில் பல சிறைச்சாலைக்காகக் கட்டப்பட்டவை போலவே இருந்தது தெரியும். இரண்டே ஆண்டில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, தமிழ்நாட்டின் ஏர்வாடி தர்காவை ஒட்டி மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தனர். சங்கிலியை எந்த வடிவத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று 95ஆம் பிரிவு இன்று சொல்வதற்குப் பின்னால் அந்த விடியற்காலை இருக்கிறது.

சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. மனநல வார்டு என்பது நோய் அறிகுறிகளை அடக்கி அனுப்பும் இடமாக இருந்தால் போதுமா, ஒருவர் தன் வாழ்க்கையைத் திரும்பக் கையில் எடுக்க உதவும் இடமாக இருக்க வேண்டாமா என்ற கேள்வியை அது சட்ட மொழிக்குக் கொண்டுவந்தது. மீட்சி நோக்கிய பராமரிப்பு என்று உலகம் முழுவதும் இன்று பேசப்படுவது இதைத்தான். இந்தக் கட்டுரை அதைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்திலிருந்து பார்க்கிறது.

முதலில் நில அமைப்பு. 2014இல் மாநிலம் பிரிந்தபோது ஐதராபாத் எர்ரகட்டாவின் பெரிய மனநல மருத்துவமனை தெலங்கானாவுக்குப் போயிற்று. ஆந்திரத்துக்கு மிஞ்சிய பழைய அரசு மனநல மருத்துவமனை விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. திருப்பதியிலிருந்து அது 700 கிலோமீட்டருக்கு மேல். உள்ளூரில் இருப்பது திருப்பதி ருயா ஆஸ்பத்திரி. 1960இல் தொடங்கிய ஸ்ரீவெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பொது மருத்துவமனை அது. அதன் மனநலத் துறையில் ஓ.பி.யும் வார்டும் உண்டு. பொது மருத்துவமனைக்குள்ளேயே மனநலப் பிரிவு என்ற ஏற்பாட்டை 1933இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் தொடங்கிவைத்தார். சளிக்கும் காய்ச்சலுக்கும் வருகிற அதே வாசல் வழியாகவே மனநோயாளியும் வரலாம் என்பது அதன் பெரிய நன்மை.

ஆனால் சித்தூர்க்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் தெற்கேதான் கை காட்டுவார்கள். வேலூர் சுமார் 35 கிலோமீட்டர். 1911 வரை சித்தூர்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். மாநில எல்லை பின்னால் வந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குப் பெரிய நோய் என்றால் வேலூர் சி.எம்.சி.; மனநோய் என்றால் அதன் பாகாயம் வளாகம்.

பாகாயத்து மனநல மையத்தைக் கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் 1957இல் தொடங்கினார். அங்கே நோயாளியைச் சேர்க்க வேண்டுமானால் வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்க வேண்டும். அறையிலேயே பாய் விரித்து, மாத்திரை கொடுத்து, குளிப்பாட்டி, ராத்திரி விழித்திருப்பவர் தாயோ கணவரோ அண்ணனோ. ஏறக்குறைய இதே பத்தாண்டில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் போட்டு நோயாளிகளின் குடும்பங்களைத் தங்கவைத்தார். ஆள் பற்றாக்குறைதான் முதல் காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. செவிலியர் எண்ணிக்கை போதாது, கட்டடம் போதாது. ஆகவே உறவினர் வந்தார். வந்த பிறகுதான் விளைவு தெரிந்தது. நோயைக் கண்ணெதிரே பார்த்துப் புரிந்துகொண்ட குடும்பம், வீடு திரும்பிய பிறகு மாத்திரையை நிறுத்தவில்லை, வசவைக் குறைத்தது, நோயாளியை மறுபடி ஏற்றுக்கொண்டது. வேலூர் அனுபவத்தைக் கோல்மேயரும் ஃபெர்னாண்டஸும் 1963இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள். மேல்நாட்டு மருத்துவமனைகள் பார்வையாளர் நேரம் முடிந்தால் மணியடித்து உறவினரை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

இத்தாலியில் ஃபிராங்கோ பசாலியாவின் இயக்கம் மனநல மருத்துவமனைகளை மூடச் சொல்லிச் சட்டம் கொண்டுவந்தது 1978இல். மீட்சி என்ற கருத்து அமெரிக்காவில் நோயாளிகளின் குரலாக எழுந்தது அதற்கும் பிறகு. பதின்ம வயதிலேயே மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்பட்டு, பின்னர் உளவியலாளர் ஆன பட்ரீஷியா டீகன் 1988இல் தன் அனுபவத்தை எழுதினார். 1993இல் வில்லியம் ஆந்தனி, நோயின் வரம்புகள் நீடித்தாலும் நிறைவும் நம்பிக்கையும் உள்ள வாழ்க்கையை ஒருவர் அமைத்துக்கொள்வதே மீட்சி என்று வரையறுத்தார். நோய் முற்றாக நீங்குவது வேறு, மீள்வது வேறு என்பது இந்த வரையறையின் உயிர். சர்க்கரை நோய் உள்ளவர் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கடை நடத்துகிறார், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறார், பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிறார். அவரை யாரும் குணமாகாதவர் என்று ஒதுக்கிவைப்பதில்லை.

இந்தக் கருத்து இறக்குமதியாகி வந்தபோது இங்கே இரண்டு வகையான எதிர்வினைகள் எழுந்தன. எங்களிடம் எப்போதோ இருப்பதுதானே என்பது ஒன்று. மருந்து வேண்டாம் என்று சொல்கிற மேல்நாட்டு மோஸ்தர் என்பது மற்றொன்று. சி.எம்.சி.யின் மனநல மருத்துவப் பேராசிரியர் கே.எஸ். ஜேக்கப் 2015இல் எழுதிய கட்டுரையொன்றில் மீட்சி அணுகுமுறையை மருத்துவச் சிகிச்சைக்குத் துணை நிற்பது என்று நிறுத்தினார். எனக்கு அது சரியாகவே படுகிறது. கடுமையான மனச்சிதைவில் மாத்திரை இல்லாமல் நம்பிக்கையூட்டும் பேச்சு மட்டும் எதையும் சாதிக்காது. மாத்திரை மட்டும் சாதிப்பதோ, ஒருவரைச் சத்தமில்லாமல் மூலையில் உட்காரவைப்பது. இங்கிலாந்தில் படுக்கைகளைக் குறைக்கவும் உதவித்தொகையை வெட்டவும் மீட்சி என்ற சொல்லையே அரசு கருவியாக்கியது என்று கொதித்த நோயாளிகள், அந்தச் சொல்லைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்ற பொருள்படத் தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நாமும் அந்த எச்சரிக்கையைக் காதில் வாங்குவது நல்லது.

எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுபவை சில நீண்ட ஆய்வுகள். உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய பன்னாட்டு ஆய்வில், ஆக்ரா நோயாளிகள் பணக்கார நாடுகளின் நோயாளிகளைவிட நன்றாகத் தேறினார்கள். சென்னையில் 1981–82இல் முதல் முறையாக மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரை ஆர். தாராவும் சகாக்களும் பத்தாண்டு, இருபதாண்டு என்று விடாமல் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பான்மையோரின் நிலை, பாடநூல்கள் மிரட்டியதைவிட வெகுவாக நன்றாக இருந்தது. குடும்பம் கூட நின்றதால்தான் இது என்று பரவலாக விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் 2008இல் வந்த ஒரு மறுஆய்வு, வளரும் நாடுகளில் மனச்சிதைவு எளிதில் தேறும் என்பதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டது. அதை எழுதியவர்களில் தாராவும் ஒருவர். தம் கையில் இருந்த நல்ல செய்தியையே சந்தேகிக்கத் துணிந்த நேர்மை அது. கணவன் வீட்டார் திருப்பி அனுப்பிய மனச்சிதைவு நோயாளிப் பெண்களைப் பற்றி 2003இல் அவர் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துப் படித்தால், குடும்பம் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்ற ஐயம் வலுக்கும். பிறந்த வீட்டில் வயதான தாயும் தகப்பனும் சுமக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு?

வார்டுக்குள் போவோம். மீட்சி நோக்கிய வார்டு என்பதைச் சுவரொட்டியில் எழுதி மாட்டுவது எளிது. அது எங்கே தெரியும் என்றால், காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையே நடக்கிற சின்னச் சின்ன விஷயங்களில்தான்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்வோம். யார் என்று குறிப்பிட முடியாத, ஆனால் இந்த வட்டாரத்தின் எந்த வார்டிலும் எதிர்ப்படக்கூடிய ஒரு பெண். பலமநேர் பக்கத்துக் கிராமம். வீட்டில் இரண்டு கறவை மாடு. காலை ஐந்தரைக்குள் பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். காதில் குரல் கேட்கிறது, அண்டை வீட்டார் சதி செய்கிறார்கள் என்ற அச்சம். மூன்று வாரச் சிகிச்சையில் குரல்கள் அடங்கிவிட்டன. கேஸ் ஷீட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியாயிற்று. ஒரு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்:

"வீட்டுக்குப் போனதும் முதல்ல என்னம்மா செய்வீங்க?"

"பால் கறக்கணும் சிஸ்டர். நாலரைக்கு எந்திரிச்சாத்தான் ஆகும். இந்த மாத்திரை போட்டா எட்டு மணிக்குத்தான் கண்ணே தெறக்குது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

பதில் இல்லை. கூட இருக்கும் மாமியார்தான் சொல்கிறார்: "அங்க போனா நிறுத்திடுவா. வேற வழி?"

இந்த ஒரு நிமிடப் பேச்சு நடக்காவிட்டால், அவர் அடுத்த மாதமே மாத்திரையை நிறுத்துவார். ஆறாவது மாதம் திரும்ப வருவார். 'மருந்தைச் சரியாக உட்கொள்ளாதவர்' என்ற குறிப்பு கோப்பில் ஏறும். நடந்துவிட்டால், மருத்துவர் செய்யக்கூடியவை பல. இரவு பத்து மணி மாத்திரையை ஏழு மணிக்குத் தரலாம். அளவைச் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம். தூக்கம் குறைவாகத் தருகிற வேறு மருந்துக்கு மாற்றலாம். முதல் இரண்டு மாதம் கறவையைக் கணவர் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவரை வரவழைத்துப் பேசலாம். அந்தப் பெண்ணுக்குக் குணம் என்றால் நாலரைக்கு எழுந்திருப்பது. மருத்துவரின் அளவுகோலில் அதற்குப் பெயர் இல்லை.

சித்தூர் மாங்காய் சீசனுக்கும் இது பொருந்தும். தோத்தாபுரி இறங்கும் மே முதல் ஜூலை வரை கூழ் ஆலைகளில் ஷிப்டு வேலை கிடைக்கும் இளைஞனுக்குக் குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தைக் கொடுத்தால், முதல் 18 வாரங்கள் வாராவாரம் இரத்தப் பரிசோதனை வேண்டும். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் கூலி. அதை மார்ச்சில் தொடங்குவதா, சீசன் முடிந்து தொடங்குவதா என்று அவனிடமே கேட்பதற்கு மருந்தியல் நூலில் இடமில்லை. வார்டில் இருக்கலாம்.

இப்படிக் கேட்கும் பழக்கத்தை ஒழுங்காகச் செய்து அளந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லென் பவர்ஸ் தலைமையில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் நடந்த, 2015இல் வெளியான 'சேஃப்வார்ட்ஸ்' ஆய்வு அவற்றுள் ஒன்று. அதில் பெரிய செலவு எதுவும் இல்லை. வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த நோயாளியிடம் முன்கூட்டியே போய் உட்காருவது, மறுக்க வேண்டியதை மென்மையான சொல்லில் மறுப்பது, ஊழியரும் நோயாளியும் ஒருவருக்கொருவர் தங்கள் விருப்பு வெறுப்புகளைச் சொல்லி அறிமுகமாவது, வீடு திரும்புகிறவர் அடுத்து வருகிறவருக்கு இரண்டு வரி எழுதிச் சுவரில் ஒட்டிப் போவது போன்ற பத்துப் பழக்கங்கள். மோதல்கள் 15 சதவீதமும், பிடித்துக் கட்டுதல், கட்டாய ஊசி போன்றவை 26.4 சதவீதமும் குறைந்தன. நம் நாட்டில் குஜராத் அரசு மனநல மையங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் 'குவாலிட்டிரைட்ஸ்' திட்டம் நடந்தது. சௌமித்ர பதாரேயும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட முடிவின்படி, திட்டம் நடந்த இடங்களில் பராமரிப்பின் தரமும் ஊழியரின் மனப்பாங்கும் மேம்பட்டன. நோயிலிருந்து மீண்டவர்களே பிற நோயாளிகளுக்குத் துணை நின்றது அதன் முக்கியமான பகுதி.

கோயிலை விட்டுவிட்டு இந்த வட்டாரத்தின் மனநலம் பற்றி எழுதுவது நடக்காது. சோளிங்கர் நரசிம்மர் மலைக்கும் அதன் குளத்துக்கும் சித்தம் கலங்கியவர்களைக் கூட்டிவந்து நாள் கணக்கில் தங்கவைக்கும் வழக்கம் பழையது. தென் திருப்பதி என்று பெயர் பெற்ற குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்குகிறார்கள். ஏர்வாடிக்குப் பிறகு இத்தகைய இடங்கள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தி ஒழித்துவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அப்போதுதான், 2002இல், ரகுராமும் சகாக்களும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். சராசரி தங்கல் ஆறு வாரம். சங்கிலி இல்லை, அடி இல்லை, பேயோட்டல் இல்லை, மாத்திரையும் இல்லை. காலைப் பூசை, வாசல் பெருக்குதல், செடிக்குத் தண்ணீர், கூடவே ஓர் உறவினர். நோய் அறிகுறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மருந்துக்கு மாற்று கோயில் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. ஆனால் அந்தக் கோயிலில் யாரும் நோயாளியை நோயாளி என்று கூப்பிடவில்லை, அவருக்கு ஒரு வேலை இருந்தது, பயமில்லாத ஒரு நாள் இருந்தது. ஒரு வார்டு இவற்றைத் தருவதற்குக் கோபுரம் தேவையில்லை.

வேலூரில் முதல் முறை மனச்சிதைவுக்கு ஆளானவர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. செய்வினை, கர்மம், நோய் என்று முரண்படும் விளக்கங்களை ஒரே ஆள் ஒரே நேரத்தில் நம்புகிறார். மாத்திரையும் சாப்பிடுகிறார், தாயத்தும் கட்டுகிறார். தாயத்தை அறுக்கச் சொன்னால் மாத்திரையும் போய்விடும். அனுபவமுள்ள மருத்துவர்கள் இதில் தலையிடுவதில்லை.

தலையிட வேண்டிய ஓர் இடம் உண்டு. சித்தூர் அருகே காணிப்பாக்கம் விநாயகர் சத்தியத்துக்குப் பேர்போனவர். அவர் முன்னால் குடியை விடுகிறேன் என்று பிரமாணம் செய்கிறவர்கள் நிறைய. அதன் வலிமையைக் கேலி செய்ய ஒன்றும் இல்லை. எத்தனையோ வீடுகள் அதனால் தப்பியிருக்கின்றன. ஆனால் பல ஆண்டுகளாக நாள் தவறாமல் அதிகம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கம், வியர்வை, இல்லாதது கண்ணில் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை உண்டாகலாம். சத்தியத்தை மீறியதற்குத் தண்டனை என்று வீட்டார் பயந்து மறுபடி கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். உண்மையில் அது உடல் குடியை இழந்ததன் விளைவு. சில நாள் மருத்துவமனைப் படுக்கையில் உரிய மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்துக் கடத்திவிடலாம். சத்தியம் செய்வதற்கு முந்தைய நாளே ஓ.பி.க்கு வந்துபோகச் சொல்லும் ஓர் அறிவிப்புப் பலகை அந்தக் கோயில் வாசலில் இருந்தால் போதும்.

இனி, வார்டை விட்டு வெளியேறும் வாசல். சட்டத்தின் 98ஆம் பிரிவு, வீடு திரும்புமுன் நோயாளியோடும் அவர் நியமித்த பிரதிநிதியோடும் கலந்து திட்டம் வகுக்கச் சொல்கிறது. நடைமுறையில் பெரும்பாலானோர் கையில் வாங்கிப் போவது மருந்துப் பட்டியலும் மறுபடி வர வேண்டிய தேதியும். எந்த அறிகுறி தென்பட்டால் உடனே வர வேண்டும், அந்த மாத்திரை உள்ளூர் மருந்துக் கடையில் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் என்ன செய்வது, வேலை என்ன, யாரிடம் போன் செய்வது என்பவை தாளில் இருப்பதில்லை. எல்லை ஓர வட்டாரத்தில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல். வேலூரில் சிகிச்சை பெறும் சித்தூர் நோயாளி ஊனமுற்றோர் ஓய்வூதியம் வாங்க ஆந்திர அரசின் சதரம் முகாமுக்குத்தான் போக வேண்டும். அங்கே 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்று வேண்டும். 2024 ஜூலை முதல் அந்த ஓய்வூதியம் மாதம் 6,000 ரூபாய்; கூலிக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. வார்டு அவரிடம் உங்களால் என்ன முடியும் என்று கேட்கிறது. முகாம் உங்களால் என்ன முடியாது என்று கேட்கிறது. வேலைக்குப் போனால் சான்றிதழ் பறிபோகுமோ என்று பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீண்டு வருகிறவர் வேலைக்குச் சேர்ந்த முதல் ஓரிரு ஆண்டு ஓய்வூதியத்தை நிறுத்தக் கூடாது என்று ஓர் அரசாணை போட்டால் இந்த முடிச்சு அவிழும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது: நோயாளியோடு யாரோ வந்திருக்கிறார்கள். பாகாயம் கண்ட நல்வழியை நாடெங்கும் உள்ள பொது மருத்துவமனை வார்டுகள் எழுதாத விதியாக ஆக்கிக்கொண்டன. கூட இருக்க ஆள் உண்டா என்பதுதான் சேர்க்கையின் முதல் கேள்வி. இல்லை என்றால் படுக்கையும் பெரும்பாலும் இல்லை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சிறாரைச் சேர்க்கும்போதுதான் ஒருவர் கூடவே தங்கியாக வேண்டும் என்று 87ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. தாமே முடிவெடுத்துச் சேர இயலாத பெரியவர்களுக்கு வேண்டியது நியமனப் பிரதிநிதி. அவர் இரவில் தரையில் படுத்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. உறவினரே இல்லாதவருக்கு மனநல மறுஆய்வு வாரியம் பொருத்தமான ஒருவரை நியமிக்கலாம். அவரும் இல்லை என்றால் சமூக நலத்துறை இயக்குநர் அல்லது அவர் குறிக்கும் அலுவலர் பிரதிநிதியாக வேண்டும் என்று 14ஆம் பிரிவு கடைசிப்படி வரை யோசித்து வைத்திருக்கிறது.

திருப்பதி போன்ற ஊருக்கு இது ஏட்டுப் பிரச்சினை அன்று. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ரயில் வருகிற ஊர். சத்திரமும் அன்னதானமும் இருக்கிற ஊர். வீட்டை விட்டுக் கிளம்பிய மனநோயாளி தானாகவே வந்து சேர்வதும், கூட்டி வந்தவர்கள் கூட்டத்தில் விட்டுவிட்டுப் போவதும் யாத்திரைத் தலங்களுக்குப் புதிதல்ல. ரயில் நிலைய நடைமேடையில் ஒரியாவோ மராட்டியோ பேசிக்கொண்டு, சிக்கு விழுந்த தலையோடு உட்கார்ந்திருப்பவர் யார் என்று எவருக்கும் தெரியாது. அலைந்து திரியும் மனநோயாளியைக் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இது 100ஆம் பிரிவு. ஆனால் மருத்துவமனை வாசலில் கேட்கப்போகும் கேள்வி காவலருக்கும் தெரியும். அதனால் பல ஊர்களில் அந்த மனிதரைத் தொடாமல் விட்டுவிடுவதே வழக்கமாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய 'தி பான்யன்', தெருவிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை கொடுத்து, அவர்கள் உளறலில் சிந்திய ஊர்ப் பெயர்களையும் பேச்சு வழக்கையும் வைத்தே பலரை வடமாநில வீடுகள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. திரும்ப வீடு இல்லாதவர்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்து, உதவியாளரோடு குடியிருக்கும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை 2015இல் தொடங்கினார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளோடு இணைந்த அவசரப் பராமரிப்பு, மீட்பு மையங்களைத் தமிழ்நாட்டு அரசு பின்னர் திறந்தது. தன் சமையலறையில் என்ன குழம்பு வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒருவருக்குத் திரும்பக் கிடைப்பது மருத்துவ அறிக்கையில் பதிவாகாது. பத்துப் பதினைந்து ஆண்டு பெரிய கொட்டடியில் கிடந்தவருக்கு அதைவிடப் பெரிய குணம் இல்லை.

ருயாவின் வார்டுகளிலும், சித்தூரின் மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடியவை பல: சொந்த உடை, தொலைபேசி, வீடு திரும்பும் திட்டத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிக் கொடுப்பது. இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டாம். கூட ஆள் இல்லாதவருக்கான வார்டுக்குப் பணம் வேண்டும். இரவு பகலாகச் செவிலியரும் உதவியாளரும் வேண்டும். பல மொழி தெரிந்த சமூகப் பணியாளர் வேண்டும். அதிலிருந்து வெளியேற வாடகை வீடுகள் வேண்டும். திருப்பதியில் அதைத் தொடங்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. 19ஆம் பிரிவு, மருத்துவமனையில் இனியும் தங்கத் தேவையில்லாதவர்களுக்கு இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசு அமைக்கவோ அமைக்க உதவவோ வேண்டும் என்கிறது. முடநீக்கத்துக்கு 'பர்ட்' மருத்துவமனையையும் குழந்தைகளின் இதயத்துக்கு ஒரு மருத்துவமனையையும் நடத்தும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இதிலும் கைகொடுக்கலாம். அந்த நோயாளிகளில் பலர் அந்தக் கோயிலைத் தேடி வந்தவர்கள்தாம். மாவட்ட ஆட்சியரும் தேவஸ்தானமும் மருத்துவக் கல்லூரியும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், இருபது படுக்கைகளோடு இந்த ஆண்டே தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.